கழிவுப் பொருள்களால் ஆன தானே செறியும் கான்கிரீட்: நீடித்துழைப்பைச் சோதிக்கும் முழுமையான வழிகாட்டி

கழிவுப் பொருள் சேர்த்த கான்கிரீட்டைப் பற்றிய பல அறிக்கைகள் ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றன: 28 நாளில் க்யூப் (சோதனைக்காக வார்த்த கனசதுரக் கட்டி) உடைத்தோம், வலிமை வந்துவிட்டது, ஆகவே கலவை நல்லது. க்யூப் வலிமை என்பது கான்கிரீட்டின் முழு உடம்புக்கும் பொதுவான ஓர் எண். கம்பி துருப்பிடிக்குமா, எப்போது துருப்பிடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது வெளிப்புறத்து 40, 50 மில்லிமீட்டர் மட்டுமே. உப்பும் கார்பன் டை ஆக்சைடும் அந்த மெல்லிய போர்வையைத் துளைத்துக்கொண்டு எவ்வளவு வேகமாகப் போகின்றன என்று க்யூப் சொல்லாது. 50 மெகாபாஸ்கல் தாண்டிய கலவையும் கடற்கரையில் தோற்கலாம். 40 மட்டுமே வந்த கலவை அங்கே அரை நூற்றாண்டு நிற்கலாம்.

கல்லூரி ஆய்வகத்திலோ ரெடிமிக்ஸ் ஆலையிலோ இந்தச் சோதனைகளைச் செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விளக்கம் தரையில் நிற்க வேண்டும் என்பதற்காக ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொள்கிறேன்: தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில் ஒரு பாலத் தூண், எம்40 தரம் (28 நாளில் 40 மெகாபாஸ்கல் வலிமை), அனல்மின் நிலையத்தின் ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) சேர்த்த தானே செறியும் கான்கிரீட். களத்தில் இதை எஸ்.சி.சி. என்றே சொல்கிறார்கள், நானும் இனி அப்படியே சொல்கிறேன்.

எஸ்.சி.சி. பிறந்ததே நீடித்துழைப்புக் கவலையிலிருந்துதான். ஜப்பானில் திறமையான தொழிலாளர் குறைந்துகொண்டே வந்தார்கள். வைப்ரேட்டரைச் சரியாக ஓட்ட ஆள் இல்லாமல் கட்டுமானங்கள் சீக்கிரம் சிதைந்தன. மனிதக் கையை நம்பாமல் தன் எடையாலேயே மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும் கான்கிரீட் வேண்டும் என்று டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹஜிமே ஒகமுரா 1986இல் முன்மொழிந்தார். 1988இல் முதல் மாதிரி உருவானது. 1998இல் திறக்கப்பட்ட அகாஷி கைக்யோ தொங்குபாலத்தின் பிரம்மாண்டமான நங்கூரக் கட்டுமானங்களில் இதைப் பயன்படுத்தினார்கள்.

கழிவுப் பொருளுக்கு இதில் இயல்பாகவே இடம் உண்டு. எஸ்.சி.சி. ஓடுவதற்கு ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 380 முதல் 600 கிலோ வரை நுண்தூள் தேவைப்படுகிறது. அத்தனையையும் சிமென்டாகப் போட்டால் வெப்பம் ஏறும், சுருக்கம் கூடும், விலையும் எகிறும். ஆகவே ஃபிளை ஆஷ், இரும்பாலைக் கசடுத் தூள், கிரானைட் பாலிஷ் சேறு, நெல் உமிச் சாம்பல், கண்ணாடித் தூள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பலவீனம் உண்டு. அந்தப் பலவீனத்தைத் தேடிப் பிடிக்கிற சோதனையைத் தேர்ந்தெடுப்பதே நம் வேலை.

படி 1: இடத்தையும் கழிவையும் வைத்துச் சோதனையைத் தேர்ந்தெடுங்கள்

கையில் இருக்கும் எல்லாக் கருவிகளிலும் ஒவ்வொரு சோதனை செய்து பன்னிரண்டு அட்டவணை போடுவதைவிட, சரியான நான்கை ஆழமாகச் செய்வது மேல். தேர்வுக்கு இரண்டு கேள்விகள் போதும்.

முதல் கேள்வி, கட்டுமானம் எங்கே நிற்கப்போகிறது? இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456:2000 சூழலை ஐந்தாகப் பிரிக்கிறது. கடலோரக் காற்றில் நிற்பதும் கடல்நீரில் முழுதும் மூழ்கியிருப்பதும் 'கடுமை'. அலைத் திவலை தெறிக்கும் இடம் 'மிகக் கடுமை'. ஓதம் ஏறி இறங்கும் பகுதி 'உச்சக் கடுமை'. வலுவூட்டிய கான்கிரீட்டுக்கு இந்த மூன்றுக்கும் முறையே குறைந்தபட்சத் தரம் எம்30, எம்35, எம்40. கம்பிக்கு மேலான மறைப்பு 45, 50, 75 மில்லிமீட்டர். நம் தூணுக்குக் கடல் உப்பிலிருந்து வரும் குளோரைடு முதல் எதிரி. ஓத மட்டத்துக்கு மேலே, ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும் பகுதியில் கார்பனேற்றமும் (கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டின் காரத்தைத் தீர்ப்பது) சேர்ந்துகொள்ளும். உள்நாட்டு அடுக்குமாடியின் வாகன நிறுத்தத் தளத்தில் கார்பனேற்றமே முதன்மை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அமிலமும் சல்ஃபேட்டும்.

இரண்டாவது கேள்வி, எந்தக் கழிவு? ஃபிளை ஆஷ் குளோரைடை நன்றாகத் தடுக்கும், கார்பனேற்றத்தில் பின்தங்கும். கண்ணாடித் தூளில் காரமும் சிலிக்காவும் வினைபுரிந்து வீங்கும் ஆபத்தை முதலில் பார்க்க வேண்டும். இடிபாட்டு ஜல்லியில் பழைய சாந்து ஒட்டிக்கொண்டிருப்பதால் நீர் உறிஞ்சுதல் கூடும். கோயம்புத்தூர்ப் பட்டறைகளின் வார்ப்பட மணலில் பென்டோனைட் களிமண்ணும் நிலக்கரித் தூளும் கலந்திருக்கும். தாமிரக் கசடு சாதாரண மணலைவிட மிக எடை கூடியது. ஓடும் கலவையில் அடியில் இறங்கிவிடும்.

சட்டதிட்டம் அனுமதிக்கிறதா என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். ஐ.எஸ். 383:2016 இடிபாட்டு ஜல்லியை வலுவூட்டிய கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரை, அதுவும் எம்25 வரை மட்டுமே ஏற்கிறது. தாமிரக் கசடை நுண்ஜல்லியாக 35 விழுக்காடு வரை ஏற்கிறது. நம் எம்40 தூணில் இடிபாட்டு ஜல்லி போடுவது ஆராய்ச்சியாக இருக்கலாம். ஒப்பந்தப் பணியாக இருக்க முடியாது.

படி 2: கழிவுப் பொருளை முதலில் சோதியுங்கள்

ஒரே அனல்மின் நிலையத்திலிருந்து வரும் சாம்பல்கூட லாரிக்கு லாரி மாறும். எனவே மொத்த ஆய்வுக்கும் தேவையான அளவை ஒரே நாளில், ஒரே ஹாப்பரிலிருந்து (சாம்பல் சேரும் கலன்) எடுத்து, கலந்து, காற்றுப் புகாத டிரம்களில் மூடி வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் பிற்பாடு வரும் வித்தியாசம் கலவையால் வந்ததா சாம்பலால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

மின்வடிப்பானில் பிடித்த உலர் சாம்பலும் சாம்பல் குளத்தில் கொட்டிய ஈரச் சாம்பலும் ஒன்றல்ல. குளத்துச் சாம்பல் பருத்தது, வினைத்திறன் குறைந்தது. தூளாகப் பயன்படுத்த உதவாது. அதுபோலவே நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்பு கூடுதல். தூத்துக்குடியிலோ மேட்டூரிலோ கிடைக்கும் சாம்பலின் முடிவுகளை அதற்கு அப்படியே பொருத்தக் கூடாது.

ஐ.எஸ். 3812 (பகுதி 1):2013இன்படி சிலிக்கா வகைச் சாம்பலில் சிலிக்கா, அலுமினா, இரும்பு ஆக்சைடு மூன்றும் சேர்ந்து 70 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. பிளெய்ன் நுண்மை (தூளின் மொத்த மேற்பரப்பு) கிலோவுக்கு 320 சதுர மீட்டராவது இருக்க வேண்டும். 45 மைக்ரான் சல்லடையில் தங்குவது 34 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எரியிழப்பு (சூடாக்கி எரிக்கும்போது குறையும் எடை) 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். எஸ்.சி.சி.யைப் பொறுத்தவரை இந்தக் கடைசி எண்ணை நான் மிகவும் மதிக்கிறேன். எரியாத கரி, கலவையை ஓடவைக்கும் வேதிப்பொருளான சூப்பர் பிளாஸ்டிசைசரை உறிஞ்சிக்கொள்ளும்; காலையில் சோதனைக் கூம்பைத் தூக்கியதும் 700 மில்லிமீட்டர் விட்டத்துக்குப் பரவிய கலவை ஒரு மணி நேரத்தில் இறுகிப்போவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். உமிச் சாம்பலுக்கு இது இன்னும் பொருந்தும். கட்டுப்பாடில்லாமல் எரித்த உமியில் கரியும் மிஞ்சும், சிலிக்காவும் படிகமாகி வினைத்திறனை இழக்கும்.

எந்தக் கழிவானாலும் குளோரைடு, சல்ஃபேட் அளவுகளைத் தவறாமல் பாருங்கள். ஐ.எஸ். 456 வலுவூட்டிய கான்கிரீட்டில் அமிலத்தில் கரையும் குளோரைடு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் கூடாது என்கிறது. கடல்நீரில் குளிர்வித்த கசடும், கடல்நீரால் குழாய்வழி கொண்டுபோன சாம்பலும் வெளியிலிருந்து உப்பு வரும் முன்பே கணக்கைத் தீர்த்துவிடும். உலோகக் கழிவுகளுக்குக் கன உலோகக் கசிவுச் சோதனையும் வேண்டும். குடிநீர்த் தொட்டிக்கு அந்தக் கான்கிரீட் போகாது என்று யாராலும் உறுதி தர முடியாது.

படி 3: கலவையும், அதோடு ஒப்பிட ஒரு கலவையும்

எம்40 தூணுக்கு நான் தொடங்கும் இடம் இது, ஒரு கன மீட்டருக்கு: ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லேண்ட்) 53 தரச் சிமென்ட் 350 கிலோ, ஃபிளை ஆஷ் 150 கிலோ, தண்ணீர் 180 லிட்டர், எம்-சாண்ட் 890 கிலோ, 12.5 மில்லிமீட்டர் ஜல்லி 770 கிலோ, பாலிகார்பாக்சிலேட் வகைச் சூப்பர் பிளாஸ்டிசைசர் தூளின் எடையில் சுமார் 1 விழுக்காடு. நீர்–பிணைப்பு விகிதம் (தண்ணீரின் எடையைச் சிமென்ட், சாம்பல் இரண்டின் எடையால் வகுத்தது) 0.36. எம்-சாண்டின் அடர்த்தி, நீர் உறிஞ்சுதல், 75 மைக்ரானுக்குக் கீழான தூள் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும். எஸ்.சி.சி. வடிவமைப்பு ஐ.எஸ். 10262:2019இல் தனிப் பகுதியாகவே இருக்கிறது.

சிமென்ட் மூட்டையைப் பாருங்கள். போஸலானா போர்ட்லேண்ட் சிமென்டில் ஏற்கெனவே 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் இருக்கிறது. அதில் 30 விழுக்காடு இருந்து, நீங்கள் மேலும் 30 விழுக்காடு மாற்றினால் உண்மையான சாம்பல் அளவு 51 விழுக்காடு. அறிக்கையில் 30 என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

ஒப்பீட்டுக் கலவையில்தான் ஆய்வின் நேர்மை இருக்கிறது. வைப்ரேட்டர் போட்ட சாதாரண கான்கிரீட்டோடு மட்டும் ஒப்பிட்டால், வித்தியாசம் கழிவால் வந்ததா, தூள் கூடியதால் வந்ததா, நீர் குறைந்ததால் வந்ததா என்று தெரியாது. ஆகவே கழிவு இல்லாத ஓர் எஸ்.சி.சி.யும் வேண்டும், அதே நீர்–பிணைப்பு விகிதம், அதே பரவல். பரவலைச் சூப்பர் பிளாஸ்டிசைசரால் மட்டும் சரிசெய்யுங்கள், தண்ணீரால் அல்ல. சாதாரண கான்கிரீட் மூன்றாவதாக இருந்தால் களப் பொறியாளருக்குப் புரிய உதவும்.

படி 4: ஓடும் நிலையிலேயே நீடித்துழைப்பு தொடங்குகிறது

பரவல் பார்ப்பதை வெறும் சடங்காகச் செய்பவர்கள் உண்டு. எஸ்.சி.சி.யில் ஜல்லி பிரிந்தால் தூணின் தலைப்பகுதி முழுக்கச் சாந்தாகவும், அடி முழுக்கக் கல்லாகவும் போகும். தண்ணீர் மேலேறினால் கிடைமட்டக் கம்பிகளின் அடிவயிற்றில் மெல்லிய நீர்ப்படலம் தங்கி, காய்ந்தபின் உப்புக்குப் பாதையாகும். அப்படிப்பட்ட கலவையின் குளோரைடு முடிவு, சோதனைக்காகச் சிலிண்டரிலிருந்து வெட்டிய வட்டு எந்த உயரத்தைச் சேர்ந்தது என்பதைத்தான் காட்டும்.

தூணுக்குப் பரவல் 660 முதல் 750 மில்லிமீட்டர் வரை வைத்துக்கொள்ளுங்கள். 500 மில்லிமீட்டரை எட்டும் நேரத்தையும் குறியுங்கள். கம்பிகளுக்கிடையே கலவையை ஓடவிடும் எல்-பெட்டியில் இரு முனை உயரங்களின் விகிதம் 0.8க்குக் குறையக் கூடாது. வி-புனலிலிருந்து கலவை வடியும் நேரம் 8 வினாடிக்குள் வந்தால் நீர்த்த வகை. 9 முதல் 25 வினாடிவரை பிசுபிசுப்பான வகை. சல்லடைப் பிரிவுச் சோதனையை விட்டுவிடவே கூடாது: 10 லிட்டர் கலவையை வாளியில் 15 நிமிடம் அசையாமல் வையுங்கள். மேல்பகுதியிலிருந்து சுமார் 4.8 கிலோவை அரை மீட்டர் உயரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் சல்லடையில் ஊற்றி, 2 நிமிடம் கழித்துக் கீழே இறங்கிய சாந்தை எடை போடுங்கள். உயரமான தூணுக்கு அது 15 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது.

பரவலை 60ஆம் நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நம் வெயிலில் டிரான்ஸிட் மிக்ஸர் ஒரு மணி நேரம் சாலையில் நிற்பது சாதாரணம்.

இன்னொரு எளிய வேலையும் சொல்கிறேன். 100 × 200 மில்லிமீட்டர் சிலிண்டர் ஒன்றை மறுநாள் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். மேலே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கல்லே இல்லாமல் இருந்தால் அந்தக் கலவையை மேற்கொண்டு சோதிக்காதீர்கள், திருத்துங்கள்.

படி 5: வார்ப்பு, க்யூரிங், வயது

அச்சில் ஊற்றும்போது கம்பியால் குத்தாதீர்கள், மேசையில் அதிர விடாதீர்கள். பழக்கதோஷத்தில் பலர் செய்வது இது. செய்தால் நீங்கள் சோதிப்பது எஸ்.சி.சி. அல்ல.

ஒரு கலவைக்கு 28, 56, 90 நாள் க்யூப்கள், நீர் ஊடுருவலுக்கு மூன்று 150 மில்லிமீட்டர் க்யூப், சிலிண்டர்கள், கார்பனேற்றத்துக்கு 100 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பட்டகங்கள், சல்ஃபேட்டுக்கு உரியவை எல்லாம் சேர்த்தால், ஈரச் சோதனைக்கான அளவோடு 100 லிட்டரைத் தாண்டிவிடும். சிறிய மிக்ஸரில் ஒரே தடவையில் முடியாது. அப்படியானால் ஒவ்வொரு தடவைக்கும் பரவல் பாருங்கள். 25 மில்லிமீட்டருக்கு மேல் விலகும் கலவையை ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் எந்தத் தடவை என்று எழுதுங்கள்.

வயதுதான் இந்த வழிகாட்டியிலேயே நான் மிகவும் வற்புறுத்தும் விஷயம். ஃபிளை ஆஷ் சிமென்டைப்போல உடனே வேலை செய்வதில்லை. சிமென்ட் நீரேறும்போது விடுபடும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு அது மெதுவாக வினைபுரிந்து துளைகளை அடைக்கிறது. 28ஆம் நாளில் அந்த வேலை பாதியில் நிற்கும். அன்று சோதித்தால் கழிவு சேர்த்த கலவை தோற்றதுபோலத் தெரியும். 90ஆம் நாளில் படம் தலைகீழாக மாறும். 28, 56, 90 மூன்றிலும் செய்யுங்கள். ஒன்றுக்குத்தான் வசதி என்றால் 56க்குக் குறையாதீர்கள்.

க்யூரிங் தொட்டி (மாதிரிகளை நீரில் வைத்து இறுகவிடும் தொட்டி) 27 டிகிரி, 2 டிகிரி கூடக்குறைய. ஆனால் தூண் தொட்டியில் வளர்வதில்லை. ஒரு தொகுதியை 7 நாள் மட்டும் ஈரச் சாக்கில் வைத்துவிட்டு அறைக்காற்றில் விடுங்கள். இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் கார்பனேற்றத்தில் பெரிதாகத் தெரியும். பெரும்பாலும் ஆய்வின் மிகப் பயனுள்ள கண்டுபிடிப்பே அதுவாக அமையும்.

படி 6: நீர் எப்படி நுழைகிறது

மூன்று சோதனைகள். முதலாவது அமெரிக்கத் தர முறையான ஏ.எஸ்.டி.எம். சி 642: 100–110 டிகிரி அடுப்பில் உலர்த்தி, 48 மணி நேரமாவது ஊறவைத்து, 5 மணி நேரம் கொதிக்கவைத்து, நீர் உறிஞ்சுதலையும் துளை விழுக்காட்டையும் கணக்கிடுவது. எளிது, மலிவு. ஆனால் இது துளையின் அளவைத்தான் சொல்லும். துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்று சொல்லாது.

இரண்டாவது ஏ.எஸ்.டி.எம். சி 1585, தந்துகி உறிஞ்சுதல். சிறிய ஆய்வகத்தால் செய்ய முடிந்தவற்றில் இதுவே சிறந்தது என்பது என் கருத்து. 100 மில்லிமீட்டர் விட்டம், 50 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வட்டுகளை 50 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதத்தில் 3 நாள் வையுங்கள். பிறகு மூடிய கலனில் குறைந்தது 15 நாள் வையுங்கள், ஈரம் உள்ளே சமமாகப் பரவட்டும். இந்தப் பதினைந்து நாளை விழுங்கிவிட்டு நேரே அடுப்பிலிருந்து தண்ணீருக்குக் கொண்டுபோகும் முடிவுகள் எந்த ஒப்பீட்டுக்கும் உதவாது. பக்கவாட்டை டேப்பாலோ எப்பாக்ஸியாலோ அடைத்து, மேல்முகத்தைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, அடிமுகத்தை 1 முதல் 3 மில்லிமீட்டர் நீரில் வைத்து எடை பாருங்கள்: 1, 5, 10, 20, 30, 60 நிமிடம், பிறகு 6 மணி நேரம்வரை மணிக்கொரு முறை, பிறகு நாளுக்கு ஒன்று, ஒரு வாரம்வரை. இந்த வட்டின் பரப்பு 7,854 சதுர மில்லிமீட்டர், ஆகவே 7.85 கிராம் எடை கூடினால் 1 மில்லிமீட்டர் நீர் ஏறியது என்று பொருள். அதை வினாடியின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தால் முதல் 6 மணி நேரக் கோட்டின் சாய்வே தொடக்க உறிஞ்சுவேகம். புள்ளிகள் நேர்கோட்டில் அமையாமல் ஒட்டுறவுக் கெழு 0.98க்குக் கீழே போனால் அந்த எண்ணை அறிவிக்கக் கூடாது.

மூன்றாவது, 5 பார் அழுத்தத்தில் 72 மணி நேரம் நீரைச் செலுத்தி, க்யூபைப் பிளந்து ஈரம் ஏறிய ஆழத்தை அளப்பது. பிளந்தவுடனே ஈரக் கோட்டைப் பேனாவால் வரைந்துவிடுங்கள். நம் வெப்பத்தில் சில நிமிடங்களில் அது மறைந்துபோகும்.

படி 7: குளோரைடு

விரைவுக் குளோரைடு சோதனை, ஏ.எஸ்.டி.எம். சி 1202, எல்லோருக்கும் தெரிந்தது. 50 மில்லிமீட்டர் வட்டை 50 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழான வெற்றிடத்தில் 3 மணி நேரம் வைத்து, வெற்றிடம் குலையாமல் கொதித்தாறிய நீரைவிட்டு மேலும் 1 மணி நேரம், பிறகு சுமார் 18 மணி நேரம் ஊறவிட வேண்டும். ஒரு பக்கம் 3 விழுக்காடு உப்புக் கரைசல், மறுபக்கம் 0.3 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு, 60 வோல்ட், 6 மணி நேரம், 30 நிமிடத்துக்கு ஒரு மின்னோட்ட அளவு. மொத்த மின்னூட்டம் 4,000 கூலும் மேல் என்றால் ஊடுருவல் அதிகம், 2,000–4,000 நடுத்தரம், 1,000–2,000 குறைவு, 100–1,000 மிகக் குறைவு.

கணக்கு எளிது. சராசரி மின்னோட்டம் 60 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 6 மணி நேரத்தில் 21,600 வினாடி. பெருக்கினால் 1,296 கூலும். இந்தத் தரஅளவு 95 மில்லிமீட்டர் விட்டத்துக்கானது. நம் வட்டு 100 என்பதால் 0.9025ஆல் பெருக்கினால் 1,170 கூலும். இந்தத் திருத்தத்தை விட்டுவிடும் அறிக்கைகள் ஏராளம்.

இந்தச் சோதனை உண்மையில் அளப்பது மின்கடத்தலை மட்டுமே. குளோரைடு மட்டுமன்றி, துளைநீரில் உள்ள ஹைட்ராக்சைடு அயனிகளும் மின்சாரத்தைச் சுமக்கின்றன. சொல்லப்போனால் அவைதான் அதிகம் சுமக்கின்றன. ஃபிளை ஆஷும் சிலிக்காத் தூளும் துளைநீரின் காரத்தைக் குறைப்பதால், துளைகள் அடைபட்ட அளவைவிடவும் கூலும் கூடுதலாகச் சரியும். கழிவு சேர்த்த கலவை உள்ளதைவிடச் சிறப்பாகத் தோன்றும். கால்சியம் நைட்ரைட் போன்ற துருத்தடுப்பான் சேர்த்தால் நேர்மாறாக, உள்ளதைவிட மோசமாகத் தோன்றும். பழைய டயரிலிருந்து எடுத்த எஃகு இழைகள், உலோகத் துணுக்குள்ள கசடுகள் இருந்தால் மின்சாரம் அவற்றின் வழியே ஓடிவிடும். முடிவுக்குப் பொருளே இல்லை. மோசமான கலவையில் மின்னோட்டமே கரைசலைச் சூடாக்கி, சூடு மின்னோட்டத்தை இன்னும் ஏற்றும். 90 டிகிரியை நெருங்கினால் நிறுத்திவிடுங்கள்.

ஆகவே கழிவு சேர்த்த கலவைக்கு இதை மட்டும் நம்பாதீர்கள். கூடவே நார்டிக் நாடுகளின் தர முறையான என்.டி. பில்ட் 492 செய்யுங்கள். அதே அளவு வட்டு, 10 விழுக்காடு உப்புக் கரைசல். 30 வோல்ட்டில் தொடங்கி, வரும் மின்னோட்டத்தைப் பார்த்து அழுத்தத்தை மாற்றி, பெரும்பாலும் 24 மணி நேரம் செலுத்த வேண்டும். பிறகு வட்டைப் பிளந்து 0.1 மோலார் வெள்ளி நைட்ரேட்டைத் தெளிக்க வேண்டும். குளோரைடு போன இடம் வெண்மையாகும், மற்றது பழுப்பாகும். 10 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆழத்தை அளந்து சராசரி எடுங்கள், ஓரங்களை விடுங்கள். 30 வோல்ட், 24 மணி நேரம், 27 டிகிரியில் சராசரி ஆழம் 15 மில்லிமீட்டர் என்றால் இடம்பெயர் கெழு வினாடிக்குச் சுமார் 6.9 × 10⁻¹² சதுர மீட்டர். இங்கே அளப்பது குளோரைடு உண்மையாகவே போன தூரம். மின்கடத்தல் ஏமாற்ற முடியாது.

காலமும் பொறுமையும் இருந்தால் என்.டி. பில்ட் 443: லிட்டருக்கு 165 கிராம் உப்புள்ள கரைசலில் குறைந்தது 35 நாள் மூழ்கவைத்து, முகத்திலிருந்து மெல்லிய அடுக்கடுக்காகச் சுரண்டி ஒவ்வொன்றிலும் குளோரைடை அளப்பது. மின்சாரமே இல்லாததால் தூணில் நடப்பதற்கு இதுவே மிக நெருக்கம்.

கருவிக்கு வசதி இல்லாதவர்களுக்கு நான்கு முனை மின்தடை அளவி கைகொடுக்கும். நீர் நிறைந்த 100 × 200 மில்லிமீட்டர் சிலிண்டரின் மேல் வைத்தால் நொடியில் எண் வரும். 12 கிலோ ஓம்–செ.மீ.க்குக் கீழ் என்றால் ஊடுருவல் அதிகம், 21–37 குறைவு, 37க்கு மேல் மிகக் குறைவு. துளைநீர்ப் பிரச்சினை இதற்கும் உண்டு. ஆனால் மாதிரியைக் கெடுக்காமல் ஒரே சிலிண்டரை 7ஆம் நாள் முதல் 90ஆம் நாள்வரை தொடர்ந்து அளக்கலாம். சாம்பல் எப்போது விழித்துக்கொள்கிறது என்பது கோட்டில் தெளிவாகத் தெரியும்.

படி 8: கார்பனேற்றம்

குளோரைடில் ஜெயிக்கும் ஃபிளை ஆஷ் இங்கே விலை கொடுக்கிறது. எந்தக் கால்சியம் ஹைட்ராக்சைடை எடுத்துத் துளையை அடைத்ததோ, அதுவே கார்பன் டை ஆக்சைடை எதிர்க்கும் சேமிப்பு. சாம்பல் கூடக்கூடச் சேமிப்பு குறையும். க்யூரிங்கும் சரியில்லை என்றால் போர்வைப் பகுதியில் துளையும் அடைபடாது, சேமிப்பும் இராது.

ஐ.எஸ்.ஓ. 1920-12இன் முறையில் 3 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு உள்ள அறையில் 70 நாள்வரை வைக்கிறார்கள். வெப்ப நாடுகளுக்கு 27 டிகிரி, 65 விழுக்காடு ஈரப்பதம். அதற்கு முன் மாதிரியை அறைக்காற்றில் உலர விட வேண்டும். நீர் நிறைந்த துளைக்குள் வாயு நுழையாது. பிளந்த முகத்தில் 1 விழுக்காடு ஃபீனால்ஃப்தலீன் தெளித்தால் காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும், நிறமற்றது கார்பனேறியது. அறுத்த முகத்தில் தெளிக்காதீர்கள், அறுவைத் தூளே நிறம் காட்டும்.

எண்ணை மறைப்போடு இணைத்தால்தான் பயன். 70 நாளில் 8 மில்லிமீட்டர் என்று வந்தால், ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தோடு வளரும் என்ற விதிப்படி, அறைக்குள் ஓராண்டுக்கு 18.3 மில்லிமீட்டர். வெளிக்காற்றில் செறிவு சுமார் 0.04 விழுக்காடு, 0.04ஐ 3ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.115. ஆக, இயற்கையில் ஓராண்டுக்கு 2.1 மில்லிமீட்டர், 50 ஆண்டில் சுமார் 15. நம் 50 மில்லிமீட்டர் மறைப்புக்கு இது கவலையில்லை. ஆனால் 20 மில்லிமீட்டர் மறைப்புள்ள மெல்லிய பலகைக்கு இதே கலவையில் மிஞ்சுவது 5 மில்லிமீட்டர்தான். மறைப்புக் கட்டை ஒன்று நழுவினாலே போய்விடும். இந்தக் கணக்கு தோராயமானது. மழை நனைக்கும் முகத்தில் வேகம் குறையும்.

படி 9: சல்ஃபேட், அமிலம், கார-சிலிக்கா வீக்கம்

5 விழுக்காடு சோடியம் சல்ஃபேட்டில் க்யூபை 28 நாள் ஊறவைத்து வலிமை பார்ப்பது மிகப் பரவலான பழக்கம். அது எதையும் நிரூபிப்பதில்லை. அந்தக் காலத்தில் க்யூப் இன்னும் நீரேறி வலுவடைந்துகொண்டுதான் இருக்கும். ஏ.எஸ்.டி.எம். சி 1012 முறையில் சாந்துப் பட்டிகளின் நீள மாற்றத்தை ஆறு மாதம், ஓராண்டு என்று அளப்பதே சரி. கடல்நீரிலும் சில நிலத்தடி நீரிலும் உள்ள மெக்னீசியம் சல்ஃபேட்டைத் தனியாகச் சோதியுங்கள். சாம்பல் கலவையில் அதைத் தாங்கக் கால்சியம் ஹைட்ராக்சைடு குறைவு என்பதால் அது நேரே பிணைப்புப் பொருளையே அரிக்கும்.

அமிலத்துக்கு 1 முதல் 3 விழுக்காடு கந்தக அமிலம் போதும். அமிலத்தன்மையை வாரந்தோறும் அளந்து மீட்டெடுங்கள். இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே கான்கிரீட் அமிலத்தைத் தின்று தீர்த்துவிடும். மென்மையான தூரிகையால் தேய்த்த பிறகே எடை பாருங்கள். ஜிப்சம் ஒட்டியிருந்தால் எடை கூடியதுபோலக் காட்டும். சலவைக்கல் தூள், சுண்ணாம்புக்கல் தூள் சேர்த்த கலவையில் அந்தத் தூளே அமிலத்தில் கரையும் என்பதை நினைவில் வையுங்கள்.

கண்ணாடித் தூள் இருந்தால் ஏ.எஸ்.டி.எம். சி 1567: 80 டிகிரி, 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு, 14 நாள். விரிவு 0.10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தொடரலாம். கண்ணாடி மிக நுண்ணிய தூளாக இருந்தால் சாம்பலைப்போல நன்மை செய்யும். மணல் அளவில் இருந்தால் வீங்கும். எந்த அளவு என்று அறிக்கையில் கட்டாயம் எழுதுங்கள்.

படி 10: எண்களைப் படிப்பதும் எழுதுவதும்

சி 1202 சோதனையில் ஒரே ஆள், ஒரே கலவையில் செய்தாலும் மாறுபாட்டுக் கெழு 12.3 விழுக்காடு. அதாவது இரண்டு வட்டுகளின் முடிவுகள் மூன்றில் ஒரு பங்குவரை விலகலாம். அப்படியிருக்க 1,250க்கும் 1,170க்கும் இடையில் 'முன்னேற்றம்' என்று எழுதுவதில் பொருளில்லை. குறைந்தது மூன்று வட்டுகளின் சராசரியையும், தனித்தனி எண்களையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஒரு சோதனை சொல்வதை இன்னொன்று ஆதரிக்கிறதா என்று பாருங்கள். கூலும் பாதியாகக் குறைந்து, உறிஞ்சுவேகமும் இடம்பெயர் கெழுவும் அசையாமல் இருந்தால், குறைந்தது துளைநீரின் காரம்தான், துளையல்ல. மூன்றும் சேர்ந்து குறைந்தால் நம்பலாம். கார்பனேற்றம் மட்டும் கூடினால் அது தோல்வியல்ல. அந்தக் கலவைக்கு எந்த இடம் பொருந்தும், எத்தனை நாள் க்யூரிங் வேண்டும், எவ்வளவு மறைப்பு வேண்டும் என்று அது சொல்கிறது. நம் தூணுக்கு 30 விழுக்காடு சாம்பலைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், ஈரச் சாக்கு 10 நாளுக்கு முன் எடுக்கப்படாது என்ற நிபந்தனையோடு. இதே கலவையை மெல்லிய சன்ஷேடுக்குக் கேட்டால் சாம்பலைக் குறைக்கச் சொல்வேன்.

அறிக்கையில் இவை இல்லாமல் இருக்கக் கூடாது: கழிவு எந்த நிலையத்தின் எந்தப் புள்ளியில் எடுக்கப்பட்டது, அதன் எரியிழப்பு, சிமென்ட் வகை, உண்மையான நீர்–பிணைப்பு விகிதம், ஒவ்வொரு தடவையின் பரவலும் பிரிவு விழுக்காடும், க்யூரிங் முறை, சோதித்த வயது, வட்டு சிலிண்டரின் எந்த உயரத்திலிருந்து வெட்டப்பட்டது, விட்டத் திருத்தம் செய்யப்பட்டதா. ஒதுக்கிய மாதிரிகளையும், ஒதுக்கிய காரணத்தையும் தனி வரியில் எழுதுங்கள்.